கூலிங் டவருக்குப் பால்குடம்

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே ஒரு பள்ளத்தில், ஹில்டாப் இன்ஸ்டன்ட் டீ கம்பெனி இருந்தது. பள்ளத்தில் கிடக்கிற கம்பெனிக்கு ஹில்டாப் என்று பெயர் வைத்தவர் அதன் நிர்வாக இயக்குநர் இராஜமாணிக்கம். எந்த விஷயத்தையும் அவர் ஓர் ஆயிரம் அடி உயர்த்தி வைத்துத்தான் யோசிப்பார்.

அந்தக் கம்பெனியின் தண்ணீருக்கெல்லாம் பொறுப்பு கெமிஸ்ட் ஏகநாதன். தண்ணீர்தானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். தேயிலையைக் கஷாயமாகக் காய்ச்சி, காற்றை உறிஞ்சி எடுத்த கலத்தில் சுண்டவைத்துப் பொடியாக்குவதுதான் அங்கே தொழில். சுண்டும்போது எழுகிற ஆவியைக் கண்டென்சர் என்ற குழாய்க்கூட்டம் குளிரவைக்க வேண்டும். கண்டென்சரைக் குளிரவைப்பது கூலிங் டவர் தண்ணீர். சூடேறித் திரும்பி வருகிற தண்ணீர் டவரின் உச்சியிலிருந்து மரச்சட்டங்கள் வழியாக மழைபோல் இறங்கி, காற்றில் ஆறி, அடித்தொட்டியில் சேர்ந்து, மறுபடி புறப்பட்டுப் போகும்.

வெதுவெதுப்பு, காற்று, ஈரம், வாசலுக்கே வந்து விழுகிற தேயிலைத் தூசி. குடித்தனம் நடத்த இதைவிட என்ன வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அங்கே குடியேறி, ஒரு பிசினைக் கக்கி, அந்தப் பிசினுக்குள்ளேயே வீடு கட்டிக்கொள்ளும். அந்த வழும்பு கண்டென்சர் குழாயை அடைத்தால் ஆவி குளிராது, கஷாயம் அடிபிடிக்கும், கம்பெனி நிற்கும். போன வருஷம் நின்றது.

அதற்காகத்தான் ஏகநாதனைப் பம்பாய்க்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது மஃப்ளருடன் போனவர் டையுடன் திரும்பினார். கூடவே 'பயோசைடு' என்ற சொல்லையும், அந்தப் பெயருள்ள கிருமிக்கொல்லி மருந்து நிரம்பிய நீல டிரம்களையும், அதைத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடுகிற ஒரு சிறிய பம்பையும் கொண்டுவந்தார். வந்த அன்றே கேன்டீனில் அறிவித்துவிட்டார்: "இனி இந்தத் தண்ணியில ஒத்தை உயிர் இருக்காது. இருந்தா என்ற பேரை மாத்தி வச்சுக்கறேன்."

"மாத்தறதுன்னா நல்ல பேரா வச்சுக்குங்க சார்," என்றான் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் கந்தப்பன். "ஆபீஸ் போர்டுல எழுதறவனுக்கு மூணெழுத்துக்கு மேல போனா மூச்சு வாங்குது."

கந்தப்பனுக்கு ஏகநாதன் மேல் மரியாதை உண்டு. அதை அவன் இப்படித்தான் காட்டுவான்.

வீட்டில் இந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் ஓடைக்கரையில் இருந்தது. வெயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டது மாதிரித் திரும்பிப் போய்விடும். மழைக்காலத்தில் செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை, சுவரில் கரும்பச்சைப் படலம். மனைவி அம்சவேணிக்கு ஐப்பசி பிறந்தால் இருமல் தொடங்கும். மாசி வரைக்கும் நிற்காது. இந்தத் தடவை ஆவணியிலேயே தொடங்கிவிட்டது; இருமினால் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். குன்னூர் டாக்டர் மருந்தெழுதுகிற பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "வீட்டை மாத்துங்க. இன்னொரு மழைக்காலம் இந்த நெஞ்சு இந்த வீட்டுல தாங்காது."

"ஆயிரம் ரூபா மருந்த வாங்கி டவருக்கு ஊத்தறீங்க," என்றாள் அம்சவேணி. "நம்ம ஊட்டுச் செவுத்துக்கு ரெண்டு சொட்டுக் கொண்டாந்தா ஆகாதுங்களா?"

"அது தொழிற்சாலைத் தண்ணிக்கு உண்டான மருந்து, வேணி. செவுத்துக்கு அடிக்கக் கூடாது."

"அப்பச் செவுத்துல இருக்கறது படிக்காத கிருமிங்களாக்கும்."

சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. ஏகநாதன் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, அது அடங்குகிறவரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். டையை அவிழ்க்க மறந்திருந்தார்.

மாற்றுவதற்கு ஒரு வீடு இருந்தது. மேட்டின் உச்சியில், பழைய துரை ஒருவர் கட்டிய சின்ன பங்களா. பலகைத் தரை, கணப்பு அடுப்பு, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில். தண்ணீர், நீராவி, மின்சாரம் எல்லாவற்றையும் பார்க்கிற யூட்டிலிட்டி மேனேஜர் என்ற பதவிக்கு உரிய வீடு அது. பதவி காலியாக இருந்தது. இராஜமாணிக்கம் ஏகநாதனைக் கூப்பிட்டு, "இந்த சீசன் முழுக்க டவர் ஒழுங்கா ஓடட்டும். பங்களாச் சாவி உங்களுக்கு. நின்னுச்சுன்னா பம்பாய்க்காரனையே மேனேஜராக் கொண்டாந்து குடிவச்சிருவேன்," என்றார்.

மருந்து வேலை செய்தது. புரட்டாசி முடிகிறவரை தொட்டித் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஏகநாதன் தினமும் அதில் முகம் பார்த்துத் தலைவாரிக்கொண்டார் என்பது கந்தப்பன் பரப்பிய செய்தி. முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்கு எந்த ஆலையிலும் இயந்திரங்களைக் கழுவிச் சந்தனம் வைப்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், பொரியும் கடலையும் கொடுப்பார்கள். இராஜமாணிக்கத்துக்கு இது போதவில்லை. கம்பெனியின் உயிரே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்று ஏகநாதன் பலமுறை சொன்னதை அவர் மிகவும் பயபக்தியோடு கேட்டிருந்தார். "நம்ம டவர்தான் நமக்குக் கங்கை," என்று அறிவித்தார். கங்கைக்கு என்ன செய்வது? நூற்றெட்டுப் பால்குடம்.

எஸ்டேட் பெண்கள் மஞ்சள் சேலை கட்டி, தலையில் குடம் ஏந்தி, மேளம் முன்னே போக, தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து கூலிங் டவர்வரை ஊர்வலமாக வந்தார்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து குடம் குடமாக வெளிப்பட்டதைப் பார்த்து, டவரே ஒரு நிமிஷம் தன்னைக் கோபுரம் என்று நினைத்திருக்கும். இராஜமாணிக்கம் பட்டு வேட்டியில், பெரியதொரு மாலையில், தொட்டியின் விளிம்பில் நின்று தன் கையாலேயே ஒவ்வொரு குடமாக வாங்கிக் கவிழ்த்தார். பிறகு தேன். பிறகு கரைத்த வெல்லம். பிறகு அண்டா நிறைய பஞ்சாமிர்தம். போட்டோகிராஃபர் ஏணிமேல் நின்று எடுத்தார்.

ஏகநாதன் பக்கத்திலேயே நின்றார். அவர் கழுத்திலும் ஒரு மாலை. இயக்குநர் தம் கையால் போட்டது. மூன்றாவது குடம் விழும்போது அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். பாலும் வெல்லமும் கிருமிக்கு விருந்து என்பது பள்ளிக்கூடப் பாடம். வாய் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து இராஜமாணிக்கம் திரும்பி, "என்ன ஏகநாதன், உங்க மருந்து இதையெல்லாம் தாங்கும் இல்ல?" என்று கேட்டார். கூட்டமே பார்த்தது. மாலை மணத்தது.

"நூத்தியெட்டு என்னங்க," என்றார் ஏகநாதன். "ஆயிரத்தெட்டு ஊத்துனாலும் தாங்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

மருந்து தாங்கியிருக்கவும் கூடும். ஆனால் பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்துப் புழங்கக் கூடாது. மருந்து பம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சொருகி, சுவிட்சை அணைத்து, மேலே வாழைக்கன்று சாத்தியிருந்தார்கள். மைக்ராஸ்கோப்பும் சாமி படத்துக்கு முன்னால் பொரி நடுவே உட்கார்ந்திருந்தது. விஜயதசமி விடுமுறை, அதையடுத்து ஞாயிறு. பாலும் வெல்லமுமாக ஒரு சுற்று ஓடிச் சட்டங்களையெல்லாம் நனைத்துவிட்டு, டவர் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மருந்து சொட்டவில்லை. பூஜை கும்பிட்ட எல்லோரும் ஓய்வெடுத்தார்கள், கும்பிடத் தெரியாதவர்கள் தவிர.

திங்கட்கிழமை காலை கந்தப்பன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். "ஏனுங்க சார், சித்த வெசையா வாங்க. டவருக்குத் தாடி மொளச்சிருக்குது."

ஏகநாதன் போய்ப் பார்த்தார்.

மரச்சட்டங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் வெளுத்த சாம்பல் நிறத்தில் இழை இழையாகத் தொங்கியது. சில இழைகள் முழ நீளம். தொட்டியின் பக்கச் சுவர்களில் இளஞ்சிவப்பில் ஒரு தோல் படர்ந்து, தண்ணீர் அலம்பும்போது மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. மூலையில் பச்சை, அதன்மேல் தேன்நிறத்தில் ஒரு பளபளப்பு. மோர் புளித்த வாடையும், மழைக்காலக் காட்டு மண்ணின் வாடையும் கலந்து வந்தது. போன வாரம் கண்ணாடியாகக் கிடந்த தொட்டி. இதை ஒருவன் தூரிகை வைத்து வரைந்தால்கூட ஒரு மாதம் பிடிக்கும்.

"என்னங்க இது," என்றான் கந்தப்பன். அவன் குரலில் கேலி இல்லை. ஏகநாதன் அவனுடன் வேலை பார்த்த இத்தனை காலத்தில் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை.

இருந்தாலும் ஆலையை ஓட்டினார்கள். ஓட்டாமல் இருக்க யாருக்கும் தைரியமில்லை. மதியத்துக்குள் கண்டென்சர் அடைத்தது. கஷாயம் கருகி, தேயிலை வெந்து தீய்ந்த கசப்பு வாடை பள்ளம் முழுக்கப் பரவியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓடையின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

இராஜமாணிக்கத்தின் அறையிலிருந்து செய்தி வந்தது: நாளைக் காலை லேபுக்கு வருகிறார், காரணம் சொல்லத் தயாராக இருக்க வேண்டும், பம்பாய்க்கு ட்ரங்க் கால் போட்டாகிவிட்டது.

"காரணம் ரெடி பண்ணீட்டீங்களா சார்?" என்று கேட்டான் கந்தப்பன்.

"காரணம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதச் சொல்லிப் போடாதீங்க." வரவேற்பறைப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே இராஜமாணிக்கம் பால்குடம் கவிழ்க்கிற படம் சட்டம் போட்டு மாட்டியாயிற்று; பூவும் வைத்தாயிற்று. "கங்கைக்குப் பால் ஊத்துனது தப்புன்னு சொன்னீங்கன்னா, பங்களா என்னங்க, உங்கள இந்த மலைய விட்டே எறக்கி வுட்டுருவாரு. தூசின்னு சொல்லுங்க. காத்துன்னு சொல்லுங்க. பக்கத்து எஸ்டேட்காரன் சாணி உரம் போட்டான்னு சொல்லுங்க, நானும் பார்த்தேங்கறேன்."

ஏகநாதன் சாணி உரத்தையே தேர்ந்தெடுத்தார். அதில் அறிவியல் வாடை கொஞ்சம் இருந்தது.

மறுநாள் காலை, இயக்குநர் வருவதற்கு முன், பார்த்ததாகச் சொல்ல வேண்டுமே என்று இழையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். மைக்ராஸ்கோப்பில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்தார். இத்தனை நாளும் அவர் கிருமிகளை எண்ணியிருக்கிறார். எண்ணி, வெட்கப்படும்படியான எண்ணாக இருந்தால் மருந்தைக் கூட்டியிருக்கிறார். பார்த்ததில்லை. குனிந்து திருகைத் திருப்பினார்.

முதலில் மங்கல். பிறகு ஒரு நகரம்.

பிசினால் ஆன மாடமாடமான சுவர்கள். அவற்றுக்கு நடுவே வாய்க்கால்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அதில் குச்சி குச்சியாகக் கிருமிகள் எதிரும் புதிருமாகப் போகின்றன. கண்ணாடிக் குழாய்போல் நீண்ட உறைகளுக்குள் வரிசையாக அடுக்கி உட்கார்ந்திருந்தன சில. ரயில் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தவர்கள் மாதிரி ஒரு நிம்மதி. திருகாணிபோல் சுழன்று போனது ஒன்று. பொன்னிறத்தில் தோணி வடிவத்தில் ஒன்று, துடுப்பே இல்லாமல் நழுவியது. ஒரு தண்டில் கவிழ்ந்த மணிகள் பூத்து நின்றன. ஏதோ உரசியதும் தண்டுகள் சுருள்வில்லாகச் சுருங்கி மறைந்து, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் மெல்ல மெல்ல நிமிர்ந்து, மறுபடி பூத்தன. அவற்றுக்கு அப்பால் தலையில் இரட்டைச் சக்கரம் சுழல்வதுபோல் தோன்றிய ஒரு பெரிய ஜீவன், சக்கரத்தில் சுழித்து வந்த கிருமிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் உடம்பு கண்ணாடி. உள்ளே அரைக்கிற தாடை தெரிந்தது.

ஏகநாதன் பார்த்துக்கொண்டேயிருக்கையில் குச்சி ஒன்று நடுவில் இடுங்கியது. இன்னும் இடுங்கியது. இரண்டாயிற்று. இரண்டும் ஒன்றை ஒன்று தெரியாததுபோல் தத்தம் வழியில் போயின.

'ஒத்தை உயிர் இருக்காது' என்று கேன்டீனில் சொன்னவர், வாயைத் திறந்தபடி குனிந்திருந்தார். மருந்து மேலே பட்டாலும் ஏன் உள்ளே இறங்காது என்பது பம்பாய் வகுப்பில் புரியாதது, இப்போது புரிந்தது. சுவர் கட்டத் தெரிந்த குடிகள். இவர்களுக்கு வயது இந்த மலையின் வயது. டை கட்டிக்கொண்டு வந்து இவர்களை ஒழிக்கப் பார்த்ததை நினைக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண் கலங்கியது. எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏகநாதன்!"

இராஜமாணிக்கம் வந்து நின்றிருந்தார். பின்னால் கந்தப்பன், கையில் ஸ்பானருடன், சாணி உரத்துக்குச் சாட்சி சொல்லத் தயாராக.

ஏகநாதன் எழுந்து நிற்க மறந்தார். சாணி உரத்தை மறந்தார். "வாங்கய்யா, இங்க வந்து பாருங்க," என்று இயக்குநரின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். கம்பெனி தொடங்கியதிலிருந்து அந்தத் தோளை யாரும் தொட்டதில்லை.

இராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடினார். தப்பான கண். மாற்றி மூடினார். பிறகு வெகுநேரம் அசையவில்லை.

"இதெல்லாம் உசுரா?"

"உசுருங்க."

"நம்ம தண்ணியிலயா?"

"ஒரு துளியிலங்க. ஒரு துளியில நம்ம ஜில்லா ஜனத்தொகை இருக்கும்."

"மணியடிக்குது பாரு ஒண்ணு," என்றார் இராஜமாணிக்கம் மெதுவாக. ஆயிரம் அடி உயரத்திலிருந்து அவர் குரல் தரைக்கு வந்திருந்தது. "போன வாரம் ஒண்ணுமே இல்லைன்னீங்களே. எதத் தின்னு இத்தனை ஆச்சு?"

"நீங்க ஊத்துன பாலுங்க," என்றார் ஏகநாதன்.

ஸ்பானர் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் ஏகநாதனுக்குத் தாம் சொன்னது காதில் விழுந்தது. மேட்டு பங்களாவும், வெயிலும், கணப்பும், அதன் முன்னால் இருமாமல் உட்கார்ந்திருக்கிற அம்சவேணியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் அணைந்தன.

இராஜமாணிக்கம் மெல்லத் தலையைத் தூக்கினார். ஒரு கண்ணைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது.

"என்ற கையால ஊத்துன பாலா?"

"...ஆமாங்க. வெல்லமும்தான்."

"நூத்தியெட்டுக் குடத்துலயா இத்தனை கோடி உசுரு?" கையை விரித்து, அதைப் புதிதாக யாரோ கொடுத்ததுபோல் பார்த்தார். "நம்ம கோயில் ஐயர் சொன்னாரு, உங்க கைராசி சாதாரணக் கைராசி இல்லைன்னு. நான்கூட தட்சிணைக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்."

கந்தப்பன் குனிந்து ஸ்பானரைத் தேடுவதுபோல் நெடுநேரம் குனிந்தே இருந்தான். முதுகு குலுங்கியது.

அடுத்து வந்தது இன்னும் பெரிய ஆபத்து. "இதுகளைக் கொல்லலாமா, ஏகநாதன்?" என்றார் இயக்குநர். "நானே பாலூத்தி வளத்தது."

"கொல்லாட்டி டீ வராதுங்க ஐயா."

இராஜமாணிக்கம் யோசித்தார். ஒரு பக்கம் படைப்பு. மறுபக்கம் லாப நஷ்டக் கணக்கு. அவர் கண் நின்றுபோன ஆலையின் பக்கம் போன போக்கிலேயே எது ஜெயிக்கும் என்று தெரிந்துவிட்டது. "ஒரு பாட்டில்ல கொஞ்சம் எடுத்து என்ற மேசைக்கு அனுப்புங்க. மிச்சத்த நீங்க பாத்துக்குங்க. பம்பாய்க்காரனை வேண்டாம்னுடறேன், அவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது? டவர் சுத்தமானதும் ஆபீஸ்ல வந்து சாவிய வாங்கிக்குங்க."

"அடுத்த வருஷம் பூஜைக்குக் கற்பூரம் மட்டும் போதுங்களே," என்றார் ஏகநாதன், கிடைத்த இடத்தில்.

"ஆமாமா. கை வச்சா இவ்வளவு ஆகுதே, அடக்கித்தான் வாசிக்கணும்," என்று இராஜமாணிக்கம் ஒப்புக்கொண்டார்.

தொட்டியை வடித்தார்கள். வழும்பை இளக்குகிற திரவத்தைத் தெளித்தார்கள். கந்தப்பனின் ஆட்கள் மரச்சட்டம் சட்டமாகத் தேய்த்துக் கழுவினார்கள். தேய்க்கிறவன் கை எட்டாத மூலைகள் எப்படியும் மிஞ்சும் என்று ஏகநாதனுக்கு இப்போது தெரியும். இனி ஒரு மருந்தை மட்டும் நம்பப் போவதில்லை. ஒன்றுக்குப் பழகுவதற்குள் மற்றொன்று என்று மாற்றி மாற்றி விடப்போகிறார். ஒழிக்க முடியாது, எல்லைக்குள் வைக்கலாம், அதுவும் அவர்கள் சம்மதித்தால். இதைக் கேன்டீனில் சொன்னபோது யாரும் கைதட்டவில்லை.

புதுத் தண்ணீர் நிரம்பிற்று. மூலைகளில் மிஞ்சியவற்றுக்காக முதல் மருந்தை ஒரே அடியாக விட வேண்டும். அம்சவேணி சோற்றுத் தூக்குடன் மேலேறி வந்திருந்தாள். மூச்சு வாங்க, விலாவைப் பிடித்தபடி லேப் வாசலில் நின்றாள்.

"என்னமோ ஊருன்னீங்களே, நானும் பாக்கறேன். ஊத்தறதுக்கு முன்னால."

தகட்டில் கடைசித் துணுக்கு இருந்தது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். கண்ணை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஏகநாதன் ஒவ்வொன்றாகக் காட்டினார்; ரயில் பெட்டி, தோணி, சக்கரத் தலை. அவளே மணியைக் கண்டுபிடித்து, "அய்ய, வெக்கப்படுது பாருங்க," என்றாள். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி குனிந்தாள். அது மீண்டும் பூக்கும்வரை காத்திருந்தாள்.

ஏகநாதன் வெளியே வந்து மருந்து டிரம்மின் வால்வின்மேல் கையை வைத்தார். கை திரும்பவில்லை. கந்தப்பன் பார்த்தான், தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

அம்சவேணி லேப் வாசலுக்கு வந்தாள். கண்ணைத் துடைத்தது இருமலாலா என்று சொல்ல முடியாது.

"பாவமுங்க," என்றாள். "நெம்ப அழகா இருக்குதுங்க." மேட்டின் உச்சியைப் பார்த்தாள், அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "செரி, ஊத்துங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஏகநாதன் தண்ணீரைப் பார்த்து, வால்வைத் திருப்பினார்.